கோதுமை ஒவ்வாத குடல்

கோதுமை மாவு பிசையும்போது இழுபடுவதற்குக் காரணம், அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதம். இது வயிற்றில் முழுவதும் செரிப்பதில்லை. இதன் துண்டு ஒன்று, 33 அமினோ அமிலங்கள் கொண்டது, சிதையாமல் சிறுகுடலை அடைகிறது. குடற்சுவரிலுள்ள ஒரு நொதி அதைச் சற்று மாற்றிவிடும். டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு, அத்துண்டைப் பகையென்று கருதி வெள்ளணுக்கள் கிளம்புகின்றன. அந்தச் சண்டையில் அழிவது, சத்தை உறிஞ்சும் குடல் நீட்சிகளே. பயிரில் சல்லிவேர் அழுகிய பின் உரமிட்டுப் பயன் என்ன? அதுபோல், குழந்தை நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது. வயிற்றுப்போக்கும் ரத்தச் சோகையும் காண்கின்றன. இதுவே சீலியாக் நோய்.

மரபணு மட்டும் போதாது. 2016-இல் வெளியான ஆய்வின்படி, இம்மரபணு வடஇந்தியாவிலும் வேலூரிலும் மூவரில் ஒருவருக்கேனும் உண்டு. நோயோ வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு மேல். வேலூரில் ஆயிரத்துக்கு ஒருவர். வடக்கே கோதுமை உண்பது பல மடங்கு அதிகம்.

சம்பா கோதுமை பழைய இனம், தீங்கில்லை என்று சிலர் விற்பது தவறு. அதிலும் குளூட்டன் உண்டு; பார்லியிலும் இதையொத்த புரதம் உண்டு. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு ஆகியவற்றில் இல்லை.

ஆனால், கோதுமை அரைத்த மில்லில் கேழ்வரகை அரைத்தால் அதுவும் கெட்டது. 'குளூட்டன் அற்றது' என விற்கும் மாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சட்டம். சிறுதானிய மாவு விற்கும் விவசாயிகள் எந்திரம், சல்லடை, சாக்கு எல்லாவற்றையும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகமுள்ள குழந்தைக்கு, ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.