சொல்லுக்குள் ஒரு சேவகன்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ஆங்கில வகுப்பில் ஒரு நாள் சிஸ்டர் சொல்வதெழுதுதல் வைத்தார்கள். 'நைட்' என்ற சொல்லைச் சொல்லி, "குதிரை மேல் வரும் வீரன்" என்று பொருளையும் சொன்னார்கள். ஆனாலும் எங்களில் பலர் முதலில் வரவேண்டிய 'கே' எழுத்தை விட்டுவிட்டோம். "உங்கள் வீரன் இரவாகிவிட்டானே!" என்று சிஸ்டர் சிரித்தார்கள். பத்து முறை எழுதச் சொல்வார்களோ என்று பயந்தோம். அவர்களோ, "ஒலிக்காத எழுத்து அங்கே ஏன் நிற்கிறது என்று நூலகத்தில் பெரிய அகராதியைப் பாருங்கள். வீரர்களைக் குறிக்கும் மற்றச் சொற்களையும் தேடி வாருங்கள்" என்று அனுப்பினார்கள். நாங்கள் தேடிக் கண்டவற்றை இங்கே தருகிறோம்.

பழைய ஆங்கிலத்தில் 'நைட்' என்ற சொல்லின் 'கே' எழுத்தையும் ஒலித்தார்கள். அப்போது அதன் பொருள் பையன் அல்லது வேலைக்காரப் பையன் என்பதே. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், அரசனுக்காகக் குதிரையேறிப் போர்ப்பணி செய்தவனுக்கு அப்பெயர் நிலைத்தது. வேலைக்காரப் பையன் 'சர்' பட்டம் பெறும் பெருமகனாக உயர்ந்துவிட்டான்.

'சோல்ஜர்' என்ற சொல்லில் வீரத்தைத் தேடினோம், கிடைத்தது சம்பளம்! நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் வெளியிட்ட பொற்காசுக்கு 'சாலிடஸ்' என்று பெயர். அக்காசின் பெயரிலிருந்து பிறந்த பிரெஞ்சுச் சொல் வழியாக வந்ததே 'சோல்ஜர்'. கூலி பெற்றுப் போரிடுபவன் என்பதே அதன் மூலப்பொருள்.

'சார்ஜென்ட்' என்றால் மிடுக்கான அதிகாரி நம் கண்முன் நிற்பார். ஆனால் அச்சொல் பணி செய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. 'சர்வென்ட்' என்பதற்கும் அதே வேர்தான். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'மார்ஷல்' இன்னும் வியப்பானது. பழைய ஜெர்மானிய மொழியில் அது குதிரை பார்க்கும் ஊழியனைக் குறித்தது. 1973இல் மானெக்‌ஷாவும் 1986இல் கரியப்பாவும் பெற்ற பீல்டு மார்ஷல் என்னும் மிக உயர்ந்த பதவிக்குள் ஒரு குதிரைக்காரன் மறைந்திருக்கிறான்.

காலாட்படையை 'இன்ஃபன்ட்ரி' என்கிறார்கள். இது இத்தாலிய மொழியில் இளைஞனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குழந்தையைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்' இதற்கு நெருங்கிய உறவு. அதன் இலத்தீன் மூலத்திற்குப் 'பேச இயலாதவன்' என்று பொருள். போர் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேளாமலே போர்க்களத்திற்கு நடந்து சென்ற இளைஞர்களை எண்ணியபோது எங்களுக்கு மனம் கனத்தது.

இவற்றைக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தபோது எங்கள் பள்ளிப் பியூன் சுற்றறிக்கையோடு வந்தார். எங்கள் தாத்தா வயதினர். எங்களில் ஒருத்தி தலை நிமிராமலே, "பியூன், அங்கே வை" என்றாள். அவர் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அடுத்துச் சதுரங்கக் காலாளைக் குறிக்கும் 'பான்' என்ற சொல்லைத் தேடினோம். பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து, நடந்து போரிடும் வீரனுக்கு ஒரு பெயர் பிறந்தது. அதுவே ஆங்கிலத்தில் 'பான்' ஆயிற்று. படைக்கு முன்னே சென்று பாதை வெட்டிய காலாட்களுக்குப் 'பயனியர்' என்ற பெயரும் அந்த வழியில் வந்ததே. 1780இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் பயனியர்ஸ் படை அப்பெயரைத் தாங்கியது. அதே குடும்பத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் இருந்தது. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த அச்சொல், கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் காலாள் வீரனையும் குறித்தது. அச்சொல்தான் 'பியூன்'.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். குதிரைக்காரன் ஏறிப் போய்த் தளபதியானான். காலாள் வீரன் இறங்கி வந்து பள்ளிக்கூட மணியடிக்கிறான். சொற்கள் இப்படி ஏறுவதும் இறங்குவதும் உண்டு. ஆனால் இருவரும் செய்தது ஊழியமே. நம் தமிழிலும் 'சேவகன்' என்ற ஒரே சொல்லுக்கு ஊழியன் என்றும் வீரன் என்றும் பொருள் உண்டல்லவா?

மறுநாள் காலை மணியடிக்க வந்தவரிடம், "வணக்கம் தாத்தா" என்றோம். அவர் திகைத்துப் போய், "என்னம்மா, பரீட்சைத் தேதி ஏதும் தெரியணுமா?" என்று கேட்டார். காரியம் இருந்தால்தான் நாங்கள் வணங்குவோம் என்று அவர் நினைத்திருந்தது எங்களைச் சுட்டது. "இல்லை தாத்தா" என்று சொல்லி, முதல் நாள் 'அங்கே வை' என்றவளே அவர் கையிலிருந்த நோட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

தோழியரே, இப்போது சொல்வதெழுதுதலில் அந்தக் 'கே' எழுத்தை நாங்கள் மறப்பதில்லை. ஒலிக்காமல் முன்னே நிற்கும் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், சத்தமின்றி நமக்கு ஊழியம் செய்கிறவர்களின் நினைவு வருகிறது.