படிக்க முடியாத ஓவியம்

'மாடர்ன் ஆர்ட்' என்றாலே நம்ம ஹாஸ்டலில் ஒரே கேலிதான். "பிரஷ் துடைச்ச துணிக்கு ஃபிரேம் போட்டுட்டான்டா" என்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஓவிய வரிசை ஒன்று பிறந்ததே ஒரு பையனின் கணக்கு நோட்டிலிருந்துதான் என்றால் நம்புவீர்களா?

வரைந்தவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாகக் காரணமானவர். அல்ஜீப்ரா எழுத்தும், எண்ணும், ஜாமெட்ரி கோடும் கலந்து கிடந்த அந்த நோட்டுப் பக்கத்தின் அழகு அவரைப் பிடித்துக்கொண்டது. 1963 முதல் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரையத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், ஃபார்முலா போல ஏதோ ஒன்று, மீன், பறவை, நடுவே பொடிப்பொடியாக மலையாள எழுத்து மாதிரி வரிகள். மலையாளம் தெரிந்தவருக்கும் அதைப் படிக்க வராது. படிப்பதற்காக அவர் எழுதவே இல்லை.

அப்புறம் எதுக்கு அதைப் பார்க்கணும்? இதற்கு விடை நம்ம ஊரிலேயே இருக்கு. அண்ணாமலையார் கோயில் சுவரில் கல்வெட்டு முன்னால் நின்றிருக்கிறோம். ஒரு வரிகூடப் புரியாது. ஆனாலும் கை தானாகப் போய்த் தடவும். யாரோ, எதுவோ அழியக்கூடாதுன்னு வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறைக்கும். அதை விடுங்கள், அக்கா கல்யாணத்துக்கு ஜோசியர் ஜாதகத்தை விரிக்கும்போது, அவர் வாய் திறக்குமுன்னே அம்மாவின் முகம் மாறுமே! அந்தக் கட்டம் அம்மாவுக்குப் புரியாது. அர்த்தம் வருவதற்குள் பயம் வந்துவிட்டது. பணிக்கர் பிடித்தது அந்த இடத்தைத்தான் என்பது என் எண்ணம்.

அதுக்காக யார் எது சொன்னாலும் சரி என்று விட முடியாது. 'சோகமா இருக்கு' என்றால் எங்கே என்று விரல் வைத்துக் காட்டணும். வர்ணத்திலா, நெருக்கியடித்த வரியிலா, ஒன்றுமே போடாமல் விட்ட மூலையிலா? டிராயிங் ஷீட்டில் டைமென்ஷன் லைன் போடுகிறோமே, அது மாதிரி. எதிலிருந்து எதுவரை என்று அம்புக்குறி இல்லாவிட்டால் நமக்கு மார்க் விழுமா? ஒரு வித்தியாசம் உண்டு. நம்ம டிராயிங்கை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்தால் ஒர்க்‌ஷாப்பில் ஜாப் பாழ். இங்கே ஒருவன் அமைதியையும் இன்னொருவன் படபடப்பையும் காட்டலாம். காட்ட முடிந்தால் இரண்டு பேரும் பாஸ்!

சென்னையிலிருந்து மகாபலிபுரம் டூர் போகும் வழியில்தான் சோழமண்டலம். பணிக்கர் பெயரிலேயே அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மணி நேரம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். படத்தின் பக்கத்தில் இருக்கும் பெயர்ச் சீட்டை மட்டும் கடைசியில் பாருங்கள்.