நடுக்கமும் நெற்றி எண்ணெயும்

அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கும் முன்பே புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் மஞ்சளாகச் செதில் உதிர்ந்தது. நெற்றி எந்நேரமும் எண்ணெய் வழிந்து மினுங்கும். பாளையங்கோட்டையில் வழக்கமாக முடி வெட்டுபவர்தான், "அண்ணாச்சி, பொடுகு காதுக்குப் பின்னாடி வரைக்கும் வந்துட்டு, டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். பிறகு பார்கின்சன் என்று தெரிந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை நரம்பு மருத்துவர்தான் விளக்கினார்.

பார்கின்சன் கை கால் அசைவோடு நிற்பதில்லை. வியர்வை, குடல், ரத்த அழுத்தம், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் எல்லாவற்றையும் கவனிக்கும் தன்னியக்க நரம்புகளும் தடுமாறும். எண்ணெய் மிகுதியாகச் சுரக்கும். நம் எல்லோர் தோலிலும் இருக்கும் மலசேசியா என்ற பூஞ்சைக்கு அதுதான் தீனி; பொடுகு வருவது அதனால்தான். ஸ்காட்லாந்துச் செவிலியர் ஜாய் மில்ன், கணவருக்கு நோய் உறுதியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் உடல் வாடை மாறியதைக் கண்டுகொண்டவர். அந்த வாடைக்குரிய பொருட்கள் முதுகின் எண்ணெய்ப் பசையில் இருப்பதை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். அதற்காகப் பொடுகு உள்ளவர்கள் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலோருக்கு அது வெறும் பொடுகுதான்.

செதில் என்றதும் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது, "நல்லெண்ணெய் வச்சு ஆத்துல முங்கி எந்திரிச்சா சரியாப் போவும்." தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் அந்தப் பூஞ்சைக்கு இன்னும் தீனி போடும். நடை தளர்ந்தவரைத் தாமிரபரணிப் படித்துறைப் பாசியில் இறக்குவது அதைவிட ஆபத்து.

மருத்துவர் எழுதித் தந்தது கீட்டோகோனசோல் ஷாம்பு. நுரையை உடனே அலசிவிடக் கூடாது, ஐந்து நிமிடமாவது ஊற வேண்டும். நடுங்கும் விரல்களால் தலை முழுக்கத் தேய்க்க வராது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, புருவம், காதுமடலின் பின்புறம் வரை நாங்களே தேய்த்துவிடுகிறோம். பார்கின்சன் மாத்திரை வேலை செய்து உடம்பு இளகியிருக்கும் நேரத்தில் குளிப்பாட்டினால் பாதிச் சிரமம் இல்லை. அரிப்பு நின்றதும் விட்டால் திரும்ப வரும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் தொடர வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் போடவே போடாதீர்கள், தோல் மெலிந்துபோகும்.

நடுக்கத்துக்குப் பூனைக்காலி விதைப் பொடியையும் பலர் சொல்வார்கள். வெறும் நம்பிக்கை இல்லை அது. 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். இன்றைய பார்கின்சன் மாத்திரையில் இருப்பதும் அதுவே. அதனால்தான் மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு கூடி, உடம்பு தன்னிச்சையாக முறுக்கி ஆடும். சித்த மருத்துவரிடம் போனாலும் தோல் மருத்துவரிடம் போனாலும் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.