குழந்தையோடு மாலத்தீவு ரிசார்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. போய் இறங்கியதும் இந்தியர்களுக்கு விசா இலவசம். ‘ஆல் இன்க்ளூசிவ் பேக்கேஜ் எடுத்துவிடுங்கள், அப்புறம் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்’ என்று டிராவல்ஸில் சொல்கிறார்கள். சமையல், பில் என்ற இரண்டு கவலைகளும் பெருமளவு தீரும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் ஒரு துளியைக்கூட அந்தப் பேக்கேஜ் வாங்கிக்கொள்வதில்லை. சிறு பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு கிளம்பவேண்டும்.

நம்பிக்கை: பணம் கட்டியாயிற்று, இனிச் செலவே இல்லை.

சாப்பாடும் பானங்களும் அடங்கும். மற்றவை ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். 2025 ஜனவரி முதல் ரிசார்ட்களில் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே விலக்கு. மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள் உள்ள நால்வர் குடும்பம் நான்கு இரவு தங்கினால் இதற்கே 192 டாலர். சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், சேவைக் கட்டணம் 10 சதவீதம். சொல்லப்படும் விலையில் இவையெல்லாம் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘குழந்தைகளுக்குத் தங்கலும் உணவும் இலவசம்’ என்று சொல்லும் இடங்களிலும் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டணம் தனியாக இருக்கலாம்.

நம்பிக்கை: மாலேயில் இறங்கினால் வந்து சேர்ந்த மாதிரிதான்.

தொலைவில் உள்ள தீவுகளுக்குச் சீப்ளேனில் போகவேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்குபவர்களுக்கு அன்றைய கடைசிச் சீப்ளேன் பெரும்பாலும் கிடைக்காது. தூங்கி வழியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் சொந்தச் செலவில் ஓர் இரவு தங்கவேண்டி வரும். சிறிய விமானம் என்பதால் உள்ளே கழிப்பறை இல்லை, இரைச்சலும் அதிகம். வழியில் வேறு தீவுகளில் இறங்கிப் போவதும் உண்டு. ஏறுமுன் பிள்ளைகளைச் சிறுநீர் கழிக்க வைத்துவிடுங்கள். காதை மூட ஏதாவது கையில் இருக்கட்டும். பொதுவாகப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோதான் அனுமதி. கைக்குழந்தை இருந்தால் மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் எட்டக்கூடிய தீவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன்.

நம்பிக்கை: கிட்ஸ் கிளப்பில் விட்டுவிட்டு நாம் ஓய்வெடுக்கலாம்.

பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயது என்றால் சரி. பல இடங்களில் மூன்று அல்லது நான்கு வயது நிரம்பினால்தான் தனியாக விடலாம். அதற்குக் கீழே இருந்தால் பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மணிக் கணக்கில் பணம் கொடுத்து ஆயா வைக்கவேண்டும்.

நம்பிக்கை: லகூனில் தண்ணீர் முழங்கால் அளவுதான், பயமில்லை.

இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் இருத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்புக்கான முதல் நான்கு காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று. நமக்கு முழங்கால் அளவு என்பது இரண்டு வயதுக் குழந்தைக்கு இடுப்புக்கு மேல். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை வீசிக் கூப்பிடுவதுமில்லை; மூச்சுக்குத் திணறும்போது குரல் எழும்பாது. பக்கத்து நாற்காலியில் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

எல்லா ரிசார்ட்டிலும் கடற்கரையில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். பல தீவுகளில் நீச்சல்குளத்திலும் யாரும் நிற்பதில்லை. காற்று அடைத்துக் கையில் மாட்டும் பட்டைகள் விளையாட்டுப் பொருள்தான், உயிர்காக்கும் சாதனம் அல்ல. கழன்றுபோகும், காற்று இறங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நம்மை அசட்டையாக்கும். அளவு சரியான லைஃப் ஜாக்கெட் தரச் சொல்லுங்கள். அப்போதும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரில் இருக்கவேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்ப்பதில்லை. ‘இப்போது நான் பார்க்கிறேன்’, ‘இனி நீ பார்’ என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நீலம், வெள்ளை நீச்சலுடை தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு வாங்குங்கள்.

ஆபத்து நீந்தும் நேரத்தில் மட்டும் வருவதில்லை. அம்மா பெட்டியைப் பிரிக்கும் ஐந்து நிமிடத்தில் பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். தண்ணீர் மேல் கட்டிய வில்லாக்களில் தளத்திலிருந்து நேராகக் கடலுக்குப் படி இறங்குகிறது. அதனால்தான் பல ரிசார்ட்கள் அங்கே சிறு குழந்தைகளை அனுமதிப்பதில்லை. அனுமதிப்பவையும் பொறுப்பு உங்களுடையது என்று கையெழுத்து வாங்குகின்றன. படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கரையில், குளம் இல்லாத வில்லாவை எடுங்கள்.

நம்பிக்கை: நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?

கறுத்த தோலுக்கு இயற்கையான பாதுகாப்பு கொஞ்சம் உண்டு. ஆனால் மாலத்தீவு பூமத்திய ரேகையின் மேலேயே கிடக்கிறது. வெண்மணல் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும். அரை மீட்டர் ஆழத்திலும் அந்தக் கதிரில் ஏறக்குறைய 40 சதவீதம் எட்டுகிறது. முழுக்கை நீச்சலுடை, தொப்பி, இரண்டு மணிக்கொருமுறையும் தண்ணீரை விட்டு வந்ததும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிழலும் துணியும்தான்.

நம்பிக்கை: கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும், எல்லாவற்றையும் அனுபவிக்க வேண்டும்.

பிள்ளைகள் இதில்தான் படாத பாடு படுகிறார்கள். காலையில் ஐஸ்கிரீம், மதியம் கோலா, தூங்கும் நேரத்தில் படகு. மூன்று வயதுக் குழந்தையின் வயிறும் தூக்கமும் ஊரில் இருப்பதுபோலவேதான் அங்கேயும். மதியம் அறையில் தூங்குவது காசை வீணாக்குவது ஆகாது. பஃபேயில் ஆவி பறக்கும் உணவையோ, கண்முன் சமைத்துத் தருவதையோ கொடுங்கள். நெடுநேரம் திறந்து கிடந்த பழத்துண்டுகளும் சாலட்டும் வேண்டாம். சோறும் பருப்பும் அனேகமாக எங்கும் கிடைக்கும். ‘ரோஷி’ என்ற அவர்களுடைய சப்பாத்தியும் இருக்கும். மீன் சாப்பிடும் குடும்பம் என்றால் ‘கருதியா’ கேளுங்கள். ரசம்போல் தெளிவான சூரை மீன் சாறு, சோற்றில் பிசைந்து ஊட்டலாம். காரமில்லாத சாதம், தயிர் வேண்டுமென்று முதல் நாளே சமையல்காரரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அடுக்களையில் இந்தியரோ இலங்கையரோ இருப்பது சகஜம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஜூஸ் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். ஓஆர்எஸ் பாக்கெட்டும், குழந்தையின் எடைக்கேற்ற காய்ச்சல் மருந்தும் ஊரிலேயே வாங்கிப் பையில் வையுங்கள். எல்லாத் தீவிலும் மருத்துவர் கிடையாது. இரவில் சீப்ளேனும் கிடையாது. தீவிலேயே மருத்துவர் தங்கியிருக்கிறாரா, இல்லையென்றால் படகில் எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.