முதல் மிக்ஸர் வாங்கப் போகும் தம்பிக்கு



கண்டியில் டீஜே வேலைக்கு இறங்குகிற எந்தப் பொடியனும் முதலில் கேட்பது உன் கேள்வியைத்தான். கையிலிருக்கிற காசுக்கு மலிவான மிக்ஸர் ஒன்றை எடுத்துவிடலாமா, இல்லை இன்னும் ஒரு வருடம் சேர்த்து ‘நல்லதாக’ ஒன்றை வாங்கலாமா? சுற்றி வளைக்காமல் பதிலைச் சொல்லிவிடலாம். மலிவுச் சாமான் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் மிக்ஸர் என்று தனியாக விற்கிற பெட்டியை வாங்காதே. கன்ட்ரோலரை வாங்கு. மிச்சம் பிடிக்கிற காசை ஹெட்போனிலும் வயரிலும் போடு.

தனி மிக்ஸர் தானாக ஒரு பாட்டும் போடாது. அதற்கு இரண்டு பக்கமும் டர்ன்டேபிளோ சீடி பிளேயரோ வேண்டும். பெரிங்கர் டிஜேஎக்ஸ்750 போன்ற பழைய மிக்ஸர்கள் கைமாறி வரும்போது விலை ஆசை காட்டும்: ஐந்து சேனல், எஃபெக்ட், பாட்டின் வேகத்தைக் காட்டும் எண் பலகை, எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்திலும் எதைச் சொருகுவது? இரண்டு போனைச் சொருகிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். போனில் சும்மா பாட்டு ஓடும், வேகத்தைக் கூட்டிக் குறைத்து அடுத்த பாட்டோடு சேர்க்கும் ஃபேடர் அதில் கிடையாது. ஒரு பாட்டை இறக்கி இன்னொன்றை ஏற்றத்தான் முடியும், அதைக் கல்யாண வீட்டு மாமாவும் செய்துவிடுவார். ஒழுங்கான பிளேயர் வேண்டுமென்றால் பயனியர் சிடிஜே-3000 ஒன்றே 2,000 டாலருக்கு மேல், அதுவும் சோடியாக வேண்டும்.

கன்ட்ரோலரில் இரண்டு பிளேயரின் கைப்பிடிகளும் நடுவில் மிக்ஸரும் உள்ளே சவுண்ட் கார்டும் ஒன்றாக இருக்கின்றன. பாட்டு இருப்பது லேப்டாப்பில் அல்லது போனில். 2022 கடைசியில் வந்த பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 அறிமுகமானபோது அமெரிக்காவில் 300 டாலர் அளவில் விற்றது. எடை 2 கிலோவும் சொச்சமும். மேலே சொன்ன சிடிஜே-3000 ஒன்று மட்டும் ஐந்தரைக் கிலோ. கலஹா, தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் ஓட்டோவில் மடியில் சாமானை வைத்துக்கொண்டு ஏறுகிற பாதை அது.

மலிவுச் சாமானைக் கையில் எடுக்கிறவன் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் பெரிய டிஸ்கோக்களில் பொசாக் நிறுவனத்தின் மிக்ஸர் இருந்தது, விலையுயர்ந்த, கனமான சாமான். அதே ஊரின் பிராங்ஸ் பகுதியில் ஜோசப் சாட்லர் என்ற பையனுக்கு அதற்கு வசதியில்லை. தொழிற்கல்விப் பாடசாலையில் மின்னணுவியல் படித்தவன், மைக்குகளுக்கான சாதாரண மிக்ஸர் ஒன்றை எடுத்து, அடுத்த பாட்டைத் தான் மட்டும் ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்க ஒரு சுவிட்சைத் தானே பொருத்திக்கொண்டான். பின்னாளில் உலகம் அவனைக் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்று அறிந்தது. அந்தப் பெட்டியில் எஃபெக்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இருந்தே ஆக வேண்டியது எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அதை மட்டும் செய்துகொண்டான்.

அந்த ஒன்றைத்தான் ‘கியூ’ என்கிறோம். ஹோலில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அடுத்தது உன் காதில் மட்டும் ஓடுவது. மலிவு கன்ட்ரோலர்களில் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். 2019இல் 150 டாலருக்கு வந்த டிடிஜே-200இல் சவுண்ட் கார்டே கிடையாது. போனிலிருந்து வரும் ஒரே வழியை ஒரு பிரிப்பு வயரால் இரண்டாக்கி, ஒரு பக்கத்தை ஸ்பீக்கருக்கும் மறுபக்கத்தை ஹெட்போனுக்கும் அனுப்புவார்கள். அதனால் ஹோலுக்குப் போவது மோனோ. வீட்டில் பழக அது போதும், காசு வாங்கிக்கொண்டு வாசிக்கப் போதாது. கீழ்வரம்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: ஹெட்போனுக்குத் தனி வழியும் ஸ்பீக்கருக்குப் போகும் மாஸ்டருக்குத் தனி வழியும் பெட்டியிலேயே இருக்கவேண்டும்.

கண்டி மேடைக்குக் கியூ மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. லண்டனில் ஹவுஸ் இசை வாசிக்கிறவர் இரவு முழுக்க நாலுக்கு நாலு தாளத்திலேயே இருந்துவிடலாம். பேராதெனிய வீதி ஹோட்டல் ஒன்றிலோ கட்டுகஸ்தோட்டை மண்டபம் ஒன்றிலோ நிற்கிற டீஜேயின் முன்னால் தமிழ், சிங்களம், முஸ்லிம், பறங்கியர் என்று மாப்பிள்ளையின் வேலைத்தலமே திரண்டு நிற்கும். எட்டு மணிக்கு ஆங்கிலப் பாட்டு, எட்டரைக்கு ஹிந்தி, பிறகு குத்துப் பாட்டு, ஒன்பதரைக்கு யாராவது வந்து ‘பைலா போடுங்க அண்ணா’ என்பார். சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’ போட்டால் இரண்டு மொழிக்காரரும் ஒன்றாக எழும்புவார்கள். அதற்குப் பிறகு எங்கே போவது என்பதில்தான் டீஜேயின் கெட்டித்தனம் தெரியும்.

பைலா பெரும்பாலும் ஆறுக்கு எட்டுத் தாளம். டப்பாங்குத்தும் பெரும்பாலும் அப்படித்தான். ரெக்கோட்பொக்ஸ், செராடோ போன்ற மென்பொருள்கள் எல்லாப் பாட்டையும் நாலுக்கு நாலு என்றே எடுத்துக்கொண்டு அளக்கின்றன. ஆடுகிறவர்களின் கால் நிமிடத்துக்கு 120 தடவை தரையில் படுகிற ஒரு பைலாவை மென்பொருள் 180 என்றோ 90 என்றோ எழுதி வைக்கும், மூன்றாகப் பிரிந்த அடியை இரண்டாகப் பிரித்து எண்ணுவதால் வருகிற கணக்கு அது. அப்போது நீ, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒன்றாக்கும் சிங்க் பட்டனை அமுக்கினால் 120இல் ஓடும் குத்துப் பாட்டை அது 90க்கு இழுத்துப் பிடிக்கும், கல்யாணப் பந்தலில் எல்லோரும் ஒருமுறை தடுமாறுவார்கள். 80களின் சினிமாப் பாட்டுகளில் இன்னொரு தொல்லை. வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவான பாட்டு, வேகம் இடையில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். முதல் சரணம் வரை மென்பொருள் போட்ட தாளக் கோடு பொருந்தும், அப்புறம் விலகிவிடும்.

ஆகவே பயிற்சி இப்படி இருக்கட்டும். பைலா ஒன்றை எடு, டிரம் தனியாக வரும் இடத்தைத் தேடி, ஒரு பட்டனில் அங்கே தாவுகிற குறியான ஹாட் கியூ ஒன்றை வை. ஓடிக்கொண்டிருக்கிற பாட்டின் பல்லவி முடிகிற அடியைக் காலால் தட்டு, தலையில் எண்ணாதே. அடுத்த பாட்டை ஹெட்போனின் ஒரு காதில் வைத்து வேகத்தைக் கையால் சரிசெய். அந்த அடி விழும்போது பேஸ் குமிழை ஒரு பக்கம் இறக்கி மறுபக்கம் ஏற்றி ஒரே வெட்டில் மாறு. தாளம் மாறுகிற இடத்தில் நீளமாகக் கலப்பது வேலைக்காகாது, வெட்டித்தான் மாறவேண்டும். இதற்கு இரண்டு சேனல், மூன்று ஈக்யூ குமிழ், கியூ பட்டன், நல்ல ஹெட்போன் போதும். 300 டாலர் பெட்டியில் இவையெல்லாம் இருக்கின்றன. 2,500 டாலர் மிக்ஸர் இந்த இடத்தில் கூடுதலாக ஒன்றும் செய்துவிடாது, சிங்க் பட்டன் அங்கேயும் அதே தவறைத்தான் செய்யும்.

மலிவுச் சாமான் உண்மையில் தோற்கிற இடம் பின்பக்கம். எஃப்எல்எக்ஸ்4லும் அதற்கு முந்தைய டிடிஜே-400லும் மாஸ்டருக்கு ஆர்சிஏ ஜாக் மட்டுமே உண்டு, எக்ஸ்எல்ஆர் கிடையாது. எக்ஸ்எல்ஆர் வயரில் ஒரே சத்தம் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் போகும். வழியில் ஏறுகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் மறுமுனையில் அது அழிந்துபோகும். ஆர்சிஏயில் அந்த வித்தை இல்லை. இரண்டு மூன்று மீற்றர் வரை பரவாயில்லை, இருபது மீற்றர் இழுத்தால் ஹோலின் வெளிச்ச வயர், ஜெனரேட்டர் வயர் எல்லாவற்றின் ‘ம்ம்ம்’ சத்தத்தையும் கூடவே கொண்டுவரும். உன் மேசையைச் சவுண்ட்காரரின் டெஸ்க்குக்குப் பக்கத்தில் போடச் சொல். முடியாவிட்டால் ஆர்சிஏயில் வருவதை எக்ஸ்எல்ஆருக்கு மாற்றிக் கொடுக்கும் டிஐ பெட்டி ஒன்றை வாங்கு. கண்டியில் தொழில் செய்கிற பொடியன் கன்ட்ரோலருக்கு அடுத்து வாங்கவேண்டிய சாமான் எஃபெக்ட் பெட்டியுமல்ல, லேசர் லைட்டுமல்ல, இந்தச் சின்ன இரும்புப் பெட்டிதான்.

லேப்டாப் சார்ஜரைச் சொருகியதும் இரைச்சல் ஏறி, கழற்றியதும் நின்றால் குற்றம் மிக்ஸரில் இல்லை. உன் லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பிளக்கிலும் வெவ்வேறு ஏர்த்தில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே போர்டில் சொருகிப் பார், அல்லது வாசிக்கிற நேரம் பேட்டரியில் ஓடு. ஏர்த் கம்பியை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். சத்தத்தோடு ஆளும் போகலாம், கேட்காதே.

அறிவிப்பாளரின் மைக் விஷயமும் இதே பின்பக்கத்தில் வருகிறது. எஃப்எல்எக்ஸ்4இல் மைக் சொருக ஒரு துளை உண்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழும் உண்டு, அதற்கென்று தனி ஈக்யூ கிடையாது. மணமக்கள் வரவேற்பில் பெரியப்பா ஒருவர் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்ததும் கூவத் தொடங்கும், அந்த நேரம் உன்னால் செய்யக்கூடியது பெரியப்பாவின் குரலையே அமுக்குவதுதான். மைக்கைச் சவுண்ட்காரரிடம் கொடுத்துவிடு. அவர் டெஸ்க்கில் அதற்கு வசதி இருக்கும், பெரியப்பாவைச் சமாளித்த அனுபவமும் இருக்கும்.

சிவப்பு வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் சாமானில் சிவப்பு எரிந்தால் சத்தத்தின் தலை வெட்டுப்படுகிறது என்று அர்த்தம். சத்தம் போதவில்லை என்று ஹோல்காரர் சொன்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான் கூட்டவேண்டும். மலிவு மிக்ஸரின் சத்தம் கரடுமுரடு என்கிற பழியில் பாதி, சிவப்பிலேயே நின்று வாசித்தவர்களால் வந்தது.

இனிக் காசுக் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐ எட்டியது. அதே ஆண்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களும் வந்தன. வாங்கிய சாமானுக்குப் போட்ட காசைத் திருப்ப முடியாமல் விற்றவர்கள் அப்போது நிறைய. பிறகு டாலர் 300ஐச் சுற்றி இறங்கி நின்றாலும், 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அமெரிக்காவில் 300 டாலர் என்பது இங்கே 90,000 ரூபாயோடு நிற்காது, வரியும் கப்பல் கூலியும் கடைக்காரர் பங்கும் அதன்மேல் ஏறும். கடன் வாங்கித்தான் வாங்கவேண்டும் என்றால் வேலை வருகிற இரவுகளைக் கலண்டரில் குறித்துப் பார். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் கல்யாணம் இல்லை. போயா நாட்களில் மதுக்கடை மூடியிருக்கும், பார்ட்டி வைக்க மாட்டார்கள். எசல பெரஹெரா நடக்கிற நாட்களில் நகரம் வேறு வேலையில் இருக்கும். மீதி நாட்களிலும் வேலை சனி, ஞாயிறை ஒட்டித்தான் வரும்.

நேரத்துக்கும் எல்லை உண்டு. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான்: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது, விசேட நிகழ்வுகளுக்கு மட்டும் கட்டுப்பாடுகளோடு விதிவிலக்கு உண்டு. திறந்தவெளியில் ஏழு மணிக்குத் தொடங்கினால் உனக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். நாலு சேனலும் எஃபெக்ட் வரிசையும் காட்டி மெல்ல மெல்லக் கட்டி எழுப்புகிற வாசிப்புக்கு அங்கே நேரமில்லை. பாட்டைத் தெரிந்தவன்தான் அந்த மூன்று மணி நேரத்தைத் தூக்குவான்.

அதனால் புதுசுக்கு அவசரப்படவேண்டாம். டிடிஜே-400, ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300 போன்றவை பாவித்ததாகக் கிடைக்கும், அவை தாராளமாகப் போதும். பெயரே இல்லாத, பெட்டி முழுக்க வெளிச்சம் மின்னுகிற, மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றோடு மட்டும் ஓடுகிற சாமான் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதே. லேப்டாப்பைப் புதுப்பித்த மறுநாள் அது வேலை செய்யாமல் போகலாம்.

பாவித்த சாமானைப் பார்க்கப் போகும்போது உன் லேப்டாப்பையும் ஹெட்போனையும் கையோடு கொண்டு போ. கடைக்காரர் போட்டுக் காட்டுகிற பாட்டை விடு, உனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போடு. ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக ஏற்றி இறக்கித் திரையைப் பார். கை நின்ற பிறகும் திரையில் ஃபேடர் நடுங்கினால் உள்ளே ஈரமோ தூசியோ ஏறியிருக்கிறது. கண்டி மழைக்கும் பனிக்கும் அது சாதாரணம், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ஜோக் வீலை ஒரு விரலால் தொட்டுச் சுற்று, விட்ட பிறகு பாட்டு தானாக நகரக்கூடாது. கடைசியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே யூஎஸ்பி வயரை அது சொருகியிருக்கும் இடத்தில் பிடித்து இலேசாக ஆட்டு. சத்தம் ஒருமுறை விட்டு வந்தாலும் விலை பேசாமல் அடுத்த பஸ்ஸைப் பிடி.