உண்மையை அறிய முடியுமா?

வகுப்பில் இரு தோழியர் வாதிடும்போது, ‘எது உண்மை என்று யாருக்குத் தெரியும்?’ என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடுகிறோம். இக்கேள்வி புதிதன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க ஐயவாதிகள் இதை எழுப்பினர்.

பிளேட்டோ நிறுவிய கல்விக்கழகத்தின் தலைவராயிருந்தவர் கார்னியாடிஸ். கி.மு. 155-இல் ஏதென்ஸ் நகரின் தூதராக உரோமைக்கு வந்த அவர், ஒரு நாள் நீதியைப் போற்றிப் பேசினார். மறுநாள் அதையே மறுத்துப் பேசினாராம். இளைஞர் மயங்கினர். அவரை விரைவில் ஊருக்கு அனுப்பிவிடுமாறு முதியவர் கேட்டோ வற்புறுத்தினார்.

நேரான துடுப்பு நீரில் வளைந்து தோன்றுகிறது; புலன்கள் ஏமாற்றுகின்றன; ஆகவே எதையும் உறுதியாக அறிய இயலாது; ‘உண்மைபோல்’ தோன்றுவதைப் பின்பற்றினால் போதும். இதுவே அவர்கள் கொள்கை.

இளமையில் இந்த ஐயத்தில் சிறிது காலம் தடுமாறியவர் புனித அகுஸ்தினார். கி.பி. 386-இல் மிலானுக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் தங்கி, நண்பரோடும் மாணவரோடும் உரையாடி, இதற்கு மறுப்பு நூல் எழுதினார். தந்தையைப் பார்த்தே இராத ஒருவர், ‘மகன் தந்தையைப்போல் இருக்கிறான்’ என்றால் நாம் சிரிக்கமாட்டோமா? அவ்வாறே, உண்மையை அறியாதவர் ‘உண்மைபோல்’ என்று எவ்வாறு கூறலாம் என்று கேட்டார். உலகமே உறங்கினாலும் மும்மூன்று ஒன்பதுதான் என்றார். ‘நான் ஏமாறுகிறேன்’ என்றாலும் ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டுமே என்று பின்னாளில் ‘கடவுளின் நகர்’ நூலில் எழுதினார்.

துடுப்பை எண்ணிப் பார்ப்போம். அது நேரானது என்று அறிந்ததால்தானே கண் ஏமாந்தது என்கிறோம்? ஒளிவிலகலே காரணம் என்று பாடத்திலும் படிக்கிறோம். தவற்றைக் கண்டுபிடிக்கவும் உண்மை வேண்டும்.

ஐயம் தீதன்று; அது அவசரத் தீர்ப்பைத் தடுக்கும். ஆனால் வகுப்பில் ஒரு பேனா காணாமற்போய், எடுக்காத ஒருத்திமேல் பழி விழுந்தால்? ‘யாருக்குத் தெரியும்?’ என்று நாம் ஒதுங்கினால் அவள் அப்பழியோடே வீடு செல்வாள். பலர் சொல்வதால் அவள் திருடியாகிவிட மாட்டாள். நடந்தது ஒன்றுதான் என்பதே அவளுக்குள்ள ஒரே துணை.

ஆகவே தோழியரே, ஐயுறுவோம். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் தேடுவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி