வாயில் தேடி வந்த மருத்துவம்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் பத்துக் குறட்பாக்களால் யாத்துள்ளார். அவற்றுட் பெரும்பகுதி உண்ணும் முறையையே பேசுகின்றது. வந்த நோயைத் தீர்ப்பதினும் வாராமற் காத்தலே முற்படக் கூறத்தக்கது என்பது அப்பெருமானின் கருத்தாதல் வேண்டும். இறுதிக் குறளிலோ, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என நான்கினை வகுத்து, இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்று முடிக்கின்றார். 35 ஆண்டுகள் இக்குறளை மாணவர்க்குக் கற்பித்த நான், ஒரு வினாவை மட்டும் நெடுங்காலம் எழுப்பாமலே இருந்துவிட்டேன். நோயுற்றவன் சிற்றூரில் இருக்கின்றான். மருத்துவன் நகரத்தில் இருக்கின்றான். இடையிலே கிடக்கும் வழியைக் கடக்க வேண்டியவர் யார்?

இவ்வினாவுக்கு மதுரையில் ஒரு மருத்துவமனை விடை தேடியது. அவ்விடையை அஃது ஒரே நாளில் கண்டுவிடவில்லை. முயன்றும், குறைகண்டும், திருந்தியும் கண்டது.

அம்மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1918ஆம் ஆண்டு எட்டையபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். உறவுப் பெண்கள் சிலர் மகப்பேற்றின்போது உயிர்நீத்தமையை இளமையிற் கண்டு, மகப்பேறு மருத்துவராதல் வேண்டும் என்று உறுதிபூண்டார். 1944இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியிற் சேர்ந்தார். அங்கே கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றியது. நெடுநாள் படுக்கையிற் கிடந்தார், கைவிரல்கள் கோணின, எண்ணியிருந்த பணி இனி இயலாது என்றாயிற்று. அவரோ மனந்தளராது கண் மருத்துவம் பயின்று, கோணிய விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகினார். ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளை அவ்விரல்கள் செய்தன. 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியிற் கண் மருத்துவத் துறைத் தலைவராக விளங்கி, 1976இல் தமது 58ஆம் வயதில் அரசுப் பணியினின்று ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்றவர் திண்ணையில் அமர்ந்துவிடவில்லை. அவ்வாண்டிலேயே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் அவர் மறைந்த பின்னரும் அந்நிலையம் வளர்ந்து வருகின்றது.

அரசுப் பணியில் இருந்த நாளிலேயே அவர் ஊர்தோறும் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். முதியோர் பார்வையை இழத்தற்குப் பெருங்காரணம் கண்புரை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். விழியினுள்ளே பளிங்கு போலத் தெளிந்திருக்கும் வில்லை நாளடைவில் மங்கி வெளிறுதலே கண்புரையாகும். புரை என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருளுண்டு. ஆயினும் இந்நோய் எவர் குற்றமும் அன்று, பெரும்பாலும் மூப்பின் இயல்பே. சிறியதோர் அறுவையால் இதனை நீக்கிப் பார்வையை மீட்டல் கூடும். மீட்கத்தக்க பார்வையை மீட்காமலே ஒருவர் இருளில் வாழ்ந்து மறைதல் எத்துணைத் துயரம்!

முகாம் நடைபெறும் முறையை நான் அருகிருந்து கண்டவன். எங்கள் ஊர்ப் பள்ளியில் அது நடந்தபோது பெயர்களைப் பதியும் பொறுப்பு என்னிடம் வந்தது. இடம் தருதலும், தண்டோரா போட்டு அறிவித்தலும், குடிநீர் அமைத்தலும் ஊராரின் கடமை. மருத்துவர்களும் செவிலியரும் கருவிகளோடு காலையிலேயே வந்துவிட்டனர். முதல் வகுப்பறையிற் பெயர்ப்பதிவு; அடுத்ததில் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையை அளத்தல்; அதற்கடுத்து விழியின் உள்ளழுத்தத்தையும் குருதியின் அழுத்தத்தையும் சிறுநீரிற் சருக்கரையையும் பார்த்தல்; இறுதியில் மருத்துவரின் ஆய்வு. கண்ணாடி வேண்டியவர்க்கு மரத்தடியிலேயே சில்லைத் தேய்த்துச் சட்டத்திற் பொருத்திக் கொடுத்தனர். சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால் பலர் அதனை மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடி வாங்காமலே இருந்துவிடுவராம். அறுவை வேண்டியவர்கள் அன்று மாலையே மருத்துவமனைப் பேருந்தில் ஏறினர். முற்காலத்தில் பள்ளிக் கட்டடங்களிலேயே அறுவை செய்ததும் உண்டு. நோயாளியின் நலங்கருதிப் பிற்காலத்தில் மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லலாயினர்.

அன்று என்னை வருத்திய செய்தி ஒன்றுண்டு. எங்கள் தெருவில் இரு கண்ணும் மங்கிய மூதாட்டி ஒருவர் இருந்தார். நானே அவர் வீட்டுக்குச் சென்று, "பாட்டி, காசு ஒன்றும் வேண்டா, வாருங்கள்" என்று அழைத்தேன்.

"வாத்தியாரையா, காடு வா என்கிறது, இந்தக் கட்டைக்குக் கண் எதற்கு?" என்றார் அவர்.

இது தத்துவப் பேச்சு என்று நான் மயங்கினேன். திண்ணையிற் சற்று நேரம் அமர்ந்து பேசிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தால் உடன் ஒருவர் வர வேண்டும். மருமகள் வந்தால் அவள் கூலி போய்விடும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காசு வேண்டா என்று நான் சொன்னேன். அவருக்கு ஆகும் செலவை நான் எண்ணிப் பார்த்தேனல்லேன்.

எனக்கு ஒரு திண்ணையில் விளங்கியது, அரவிந்த் மருத்துவமனையாரும் பிற அறிஞரும் சேர்ந்து முறையாக ஆராய்ந்து முன்பே கண்ட செய்திதான் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவ்வாய்வு 1991இல் வெளியாயிற்று. அறுவை இலவசம் என்பது மட்டும் போதாது. போக்குவரத்தும் உணவும் சேர்த்துத் தந்தால்தான் மக்கள் மிகுதியாக வருகின்றனர் என்று அது காட்டியது. மற்றொன்றும் தெரிந்தது. முன்பே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவர் வீடுவீடாகச் சென்று தம் வாயாற் சொல்லும் சொல்லுக்குத் தனி ஆற்றல் உண்டு. எங்கள் பாட்டியும் என் சொல்லுக்கு அசையவில்லை. அடுத்த தெருவிலிருந்து அறுவை முடித்துத் திரும்பிய ஒருவர், பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வந்து நின்ற பிறகே அடுத்த முகாமுக்கு இசைந்தார்.

இத்துணை முயற்சிக்குப் பின்னும் ஊரெல்லாம் பயன் பெற்றதா? பெறவில்லை. முகாம் நடந்த சிற்றூர்களில் வீடுதோறும் சென்று கணக்கெடுத்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணிற் குறையுடையோர் நூற்றுவருள் ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்திருந்தனர் என்பது அதன் முடிவு. ஏனைய 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். தம் பணியின் குறையைத் தாமே அளந்து, அதனை உலகறிய வெளியிடுதற்கு உண்மையான துணிவு வேண்டும். முகாமில் எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணி மகிழ்தல் எளிது. எத்தனை பேர் வாரார் ஆயினர் என்று எண்ணுதல் அரிது.

ஒரு நாள் வந்து போகும் முகாமை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்று கண்ட அவர்கள், 2004 முதல் சிற்றூர்களின் நடுவே பார்வை மையங்களை நிறுவினர். ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒன்று என்னும் அளவில் அவை அமைந்தன. இன்று நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணை ஆய்ந்து, கணினி வாயிலாக நகரத்து மருத்துவரோடு நோயாளியை நேரே பேசச் செய்கின்றனர். அப்பெண்களிற் பெரும்பாலோர் சிற்றூர்ப் பள்ளிகளிற் படித்து முடித்தவர்களே.

இனி, வாராமற் காக்கும் பகுதிக்கு வருவோம். வள்ளுவர் முதலிற் கூறியதை நான் பின்னே கூறுகின்றேன். மாலைக்கண் என்பது நம் முன்னோர் இட்ட பெயர். பகலில் ஓடியாடும் குழந்தை, விளக்கு வைக்கும் நேரத்தில் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு தடுமாறும். உணவில் வைட்டமின் 'ஏ' சத்துக் குறைவதே இதற்குக் காரணம். காலத்திற் கவனியாவிட்டால் வெண்விழி வறண்டு, கருவிழியின் மேற்பரப்புப் புண்ணாகி உருகிவிடும். தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ சேர்ந்துவிட்டால் சில நாட்களிலேயே பார்வை போய்விடுதலும் உண்டு. அவ்வாறு போன பார்வையைக் கண்புரையைப் போல் எளிதில் மீட்டல் இயலாது. கொடுமை என்னவெனில், இதனைத் தடுக்கும் முருங்கைக்கீரை அக்குழந்தையின் வீட்டுக் கொல்லையிலேயே பெரும்பாலும் தழைத்து நிற்கும்! பப்பாளியும் மாம்பழமும் முட்டைக் கருவும் தாய்ப்பாலும் இச்சத்து நிறைந்தவை. ஆதலின் டாக்டர் வெங்கடசாமி 1970-களில் மதுரையில் நடத்திய ஊட்டநல நிலையத்தில், மெலிந்த குழந்தைகளைத் தேற்றியதோடு அமையாது, அவர்தம் தாய்மார்க்கு எளிய பொருள்களைக் கொண்டு சத்துணவு சமைக்கவும் கற்பித்தனர்.

இச்சத்து கண்ணை மட்டுமா காக்கின்றது? திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் 15,419 சிறு குழந்தைகளைக் கொண்டு ஓராண்டு நிகழ்த்திய ஆய்வொன்றை அரவிந்த் மருத்துவமனையார் 1990இல் வெளியிட்டனர். ஊர்த் தொண்டர்கள் வாரந்தோறும் வீடு சென்று, ஒரு சாரார்க்கு வைட்டமின் 'ஏ' துளிகளைச் சிற்றளவிற் புகட்டினர். மறு சாரார்க்கு அது கலவாத துளிகளைப் புகட்டினர். சத்துப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. கீரையில் உள்ள ஒரு பொருளுக்கு உயிரையே காக்கும் ஆற்றல் உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. இக்காலத்தில் அரசின் நலவாழ்வு நிலையங்களில், ஒன்பது திங்கள் முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைகட்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை இத்துளிமருந்து வழங்கப்படுகின்றது. உங்கள் வீட்டில் தம்பி தங்கையர் இருப்பின், அவர்கள் பெற்றனரா என்று அம்மாவைக் கேளுங்கள்.

நீரிழிவு உடையார் ஆண்டுக்கொருமுறை விழித்திரையை ஆய்வித்துக்கொள்ளல் வேண்டும். அந்நோய் வலியின்றியே பார்வையை அரிக்கும். கண் சிவந்தால் பச்சிலைச் சாறு பிழிதலும், தூசு விழுந்தால் துணிமுனையால் தோண்டுதலும் தீங்கு தரும். இவற்றைச் சொல்லிச் செல்லவும் மருத்துவமனையினர் சிற்றூர்க்கு வருகின்றனர்.

பள்ளிகளுக்கும் அவர்கள் வருவதுண்டு. ஆசிரியர்க்கே பயிற்சி தந்து, ஆறு மீட்டர் தொலைவில் எழுத்துப் பலகையை வைத்து மாணவரின் பார்வையை அளக்கச் செய்வர். குறை தோன்றியவரை மட்டும் கண் மருத்துவர் ஆய்வர். என் பணிக்காலத்தின் இறுதியில் எங்கள் பள்ளியில் இப்பணி நடந்தது. பலகையைப் பிடித்தவன் நானே. என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாய்ப்பாடமாகக் கேட்டால் இலக்கணத்தைப் பிழையின்றிச் சொல்வான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்து மாணவனின் ஏட்டைப் பார்த்து எழுதுவான். நான் அதனைக் களவென்று கொண்டேன். கடிந்தும் திருந்தாமை கண்டு, தண்டனையாக அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டேன். ஓராண்டு அவன் அங்கேயே இருந்தான். ஒன்றும் மறுத்துச் சொன்னானல்லன். எல்லாருடைய கண்ணும் அவ்வளவுதான் காணும் என்று அவன் எண்ணியிருந்தான் போலும்.

அன்று ஆறு மீட்டர் தொலைவில் நின்ற அவன், பலகையின் முதல் எழுத்தையும் கண்டானில்லை.

இரண்டு வாரங் கழித்துக் கண்ணாடி அணிந்து வந்தான். நான் அவனை முன்வரிசைக்கு வருமாறு அழைத்தேன். "இங்கிருந்தே தெரிகிறது ஐயா" என்று கடைசி வரிசையிலேயே அமர்ந்துகொண்டான். நான் கரும்பலகையில் நான்கு வரிகள் எழுதித் திரும்பினேன். அவன் எழுந்து நின்று, தயங்கித் தயங்கி, "ஐயா, இரண்டாம் வரியில் ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறது" என்றான்.

விடுபட்டுத்தான் இருந்தது.